மின்சாரம் நின்ற இடம்

ஐப்பசி மாதத்து அதிகாலை. இரவெல்லாம் பெய்த மழை அப்போதுதான் ஓய்ந்திருந்தது. ஊர் ஊராகச் சென்று பால் சேகரித்து, நகரத்து வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் ஒருவர், இரண்டு கேன்களையும் தம் மோட்டார் சைக்கிளின் இருபுறமும் மாட்டிவிட்டுச் சாவியைத் திருப்புகிறார். மீட்டரில் பச்சை விளக்கு மங்கலாகத் தெரிகிறது. ஸ்டார்ட்டர் பொத்தானை அழுத்துகிறார். 'டிக், டிக், டிக்' என்று ஓசை எழுகிறதே தவிர, எஞ்சின் அசையவில்லை. கிக்கரைப் பத்துமுறை உதைத்தபின் வண்டி உயிர்பெறுகிறது. அதற்குள் அரைமணி நேரம் கடந்துவிட்டது. இரண்டு வீட்டுக்காரர்கள் கடைப்பால் வாங்கிக் காய்ச்சிவிட்டார்கள்.

இதே நிலை சென்ற மாதமும் ஏற்பட்டது. "பேட்டரி போயிருச்சுண்ணே, மாத்திடுங்க" என்று பட்டறையில் சொன்னார்கள், மாற்றினார். நான்கு வாரம் வண்டி நன்றாக ஓடியது. இப்போது அதே பட்டறையில் அதே விடை கிடைக்கிறது. புதிய பேட்டரியின் விலை, அவருடைய ஏறத்தாழ ஒரு வார வருமானம். அந்தப் பணத்தை மறுபடியும் கொடுப்பதா என்ற தயக்கத்துடன், சந்தைக்கு அருகிலுள்ள வேறொரு பட்டறைக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறார்.

அங்கிருந்த முதிய மெக்கானிக் பேட்டரியைத் தொடவில்லை; முதலில் கேள்விகள்தாம் கேட்டார். தொல்லை எப்போது தொடங்கியது? இரவுப் பயணம் எவ்வளவு? எஞ்சினை முடுக்கும்போது விளக்கின் ஒளி கூடுகிறதா, அப்படியே நிற்கிறதா? அண்மையில் வண்டியில் எதையேனும் புதிதாகப் பொருத்தினீர்களா? இரண்டுநாள் ஓட்டாமல் நிறுத்திவைத்தால் நிலைமை மோசமாகிறதா? நோயாளியின் வாய்மொழியைக் கேட்காமல் மருந்து எழுதும் மருத்துவரும், இத்தகைய கேள்விகளைக் கேட்காமல் உதிரிப்பாகத்தை மாற்றும் தொழிலாளியும் ஒரே பிழையைச் செய்கிறார்கள். மின்பழுதைப் பொறுத்தவரை பழுதைச் சரிசெய்வதற்குப் பெரும்பாலும் பத்து நிமிடம் போதும்; அது எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டறிவதற்கே நேரமும் அறிவும் தேவைப்படுகின்றன.

போகவும் வரவும் ஒரு வழி

மின்னோட்டம் புறப்பட்ட இடத்திற்கே திரும்பி வந்தாக வேண்டும். பேட்டரியின் நேர்முனையிலிருந்து புறப்பட்டு, ஃபியூஸ், சுவிட்சு, விளக்கு ஆகியவற்றைக் கடந்து எதிர்முனைக்கு வந்துசேரும் முழுமையான பாதையையே மின்சுற்று என்கிறோம். மோட்டார் சைக்கிளில் திரும்பிவரும் வழியின் பெரும்பகுதி கம்பியன்று. வண்டியின் இரும்புச் சட்டமே அந்தப் பணியைச் செய்கிறது. பட்டறைகளில் இதனை 'எர்த்' அல்லது 'பாடி' என்பர். போகும் வழியை ஆராய்பவர்கள் பலர். திரும்பும் வழியை ஆராய்பவர்கள் சிலர். துருப்பிடித்த ஒரு திருகாணியோ, வண்ணம் பூசும்போது அடியில் தங்கிவிட்ட ஒரு பூச்சோ திரும்பும் வழியை அடைத்துவிடும்.

சுற்றில் நேரும் பழுதுகளை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, பாதை அறுந்துபோதல். கம்பி ஒடிந்தாலோ ஃபியூஸ் உருகினாலோ மின்னோட்டம் முற்றிலும் நின்றுவிடும். இரண்டாவது, குறுக்குச்சுற்று, உறை தேய்ந்த கம்பி சட்டத்தைத் தொட்டு, விளக்குக்குப் போகாமலேயே மின்னோட்டம் திரும்பிவிடும். மூன்றாவது, பாதை இருந்தும் குறுகிப்போதல். இணைப்பில் படிந்த பச்சைக்களிம்பு, தளர்ந்த ஊசி, பத்து இழைகளில் ஏழு ஒடிந்து மூன்று மட்டும் எஞ்சிய கம்பி ஆகியன இவ்வகையின. முதலிரண்டும் உடனே தம்மைக் காட்டிக்கொள்ளும். மூன்றாவதோ இருப்பதுபோலவே இருந்து ஏமாற்றும். பால்காரரின் வண்டியில் இருந்தது இந்த மூன்றாவது வகைப் பழுது என்பது பின்னரே தெரியவந்தது.

குற்றம் சாட்டப்பட்ட பேட்டரி

1859 ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் காஸ்டன் பிளான்டே உருவாக்கிய காரீய அமிலச் சேமக்கலத்தின் வழிவந்ததே இன்றும் பெரும்பாலான வண்டிகளில் உள்ள பேட்டரி. ஒவ்வோர் அறையும் இரண்டு வோல்ட்டுக்குச் சற்றுக் கூடுதலான மின்னழுத்தம் தரும். ஆறு அறைகள் சேர்ந்து பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஆகிறது. ஆயினும் மீட்டரில் சரியாகப் பன்னிரண்டு காட்டினால் மகிழ்வதற்கில்லை. வண்டியை நிறுத்திச் சில மணி நேரம் கழித்து அளக்கும்போது, நிறைவாக மின்னேறிய பேட்டரி 12.6 முதல் 12.8 வோல்ட் வரை காட்ட வேண்டும். 12.4 என்றால் முக்கால் அளவு, 12.0 என்றால் அது ஏறத்தாழ வற்றிய கிணறு. வேறுபாடு அரை வோல்ட்தான். அந்த அரை வோல்ட்டில்தான் முழு இருப்பும் அடங்கியிருக்கிறது.

பால்காரரின் பேட்டரி 11.7 காட்டியது. மெக்கானிக் அதனைக் கழற்றினார். முதலில் எதிர்முனை, பிறகு நேர்முனை. மாட்டும்போது இவ்வரிசை தலைகீழாகும். நேர்முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறிச் சட்டத்தில் பட்டாலும் தீப்பொறி எழாமலிருக்க வேண்டுமெனில், எதிர்முனை முன்னரே விடுபட்டிருக்க வேண்டும். பேட்டரி மின்னேறும்போது ஐதரசன் வாயு வெளிவருவதால், அதனருகில் பொறி பறப்பது விளையாட்டன்று. கழற்றிய பேட்டரி ஓர் இரவு முழுவதும் மெதுவாக மின்னேற்றப்பட்டது. ஐந்து ஆம்பியர்-மணி கொள்ளளவுக்கு அரை ஆம்பியர் போதும். விரைந்து ஏற்றினால் சூடேறித் தகடுகள் கெடும்.

மறுநாள் காலை 12.7 வோல்ட். ஆனால் ஓய்விலிருக்கும் பேட்டரியின் அளவை மட்டும் நம்பக்கூடாது. சுமையைத் தூக்கச் சொன்னால்தான் தோளின் வலிமை தெரியும். ஸ்டார்ட்டர் மோட்டாரை இயக்கிக்கொண்டே அளந்தபோது மின்னழுத்தம் 10.6 வரை இறங்கி, பொத்தானை விட்டதும் மீண்டும் ஏறியது. பத்து வோல்ட்டுக்குக் கீழே வெகுவாகச் சரிந்திருந்தால் பேட்டரி பழுது என்று சொல்லியிருக்கலாம். இந்தப் பேட்டரியோ நிரபராதி. ஒரு மாதத்திற்கு முன்னர் எறியப்பட்ட பழைய பேட்டரியும் நிரபராதியாக இருந்திருக்கக்கூடும். அதனை இப்போது விசாரிக்க வழியில்லை.

வடிகிறதா, வரவில்லையா?

நல்ல பேட்டரி வற்றிப்போவதற்கு இரண்டே காரணங்கள் உண்டு. சேமித்தது எங்கோ வடிந்துகொண்டிருக்க வேண்டும். அல்லது சேமிப்புக்கு வரவே இல்லாதிருக்க வேண்டும்.

வடிதலைக் கண்டறிவது எளிது. சாவியை அணைத்துவிட்டு, பேட்டரியின் எதிர்முனைக் கம்பியைக் கழற்றி, அதற்கும் முனைக்கும் இடையே மல்டிமீட்டரை ஆம்பியர் அளவில் தொடராக இணைக்க வேண்டும். கடிகாரம் போன்றவற்றுக்காகச் சில மில்லி ஆம்பியர் ஓடுவது இயல்பு. நூறு மில்லி ஆம்பியர் ஓடினால் ஐந்து ஆம்பியர்-மணி பேட்டரி ஐம்பது மணி நேரத்தில், அதாவது இரண்டே நாளில் காலியாகிவிடும். சனிக்கிழமை நிறுத்திய வண்டி திங்கட்கிழமை எழாமலிருப்பதன் கணக்கு இதுதான். சாவிக்கு முந்தைய இணைப்பிலிருந்து மின்சாரம் எடுத்துப் பொருத்தப்பட்ட செல்பேசி சார்ஜரும் திருட்டுத்தடுப்பு அலாரமும் இவ்வகையில் அடிக்கடி அகப்படுவன. இச்சோதனையின்போது மறந்தும் ஸ்டார்ட்டரை அழுத்தலாகாது. அத்தனை மின்னோட்டமும் மீட்டரின் வழியே பாய்ந்து அதன் ஃபியூஸைப் பறித்துவிடும். பால்காரரின் வண்டியில் மீட்டர் இரண்டு மில்லி ஆம்பியருக்கு மேல் காட்டவில்லை.

ஆக, வரவைத்தான் ஆராய வேண்டும். எஞ்சின் சுழலும்போது அதனுடன் காந்தங்கள் பதித்த சக்கரமும் சுழல்கிறது. உள்ளே அசையாமலிருக்கும் கம்பிச்சுருள்களில் மாறுதிசை மின்னோட்டம் பிறக்கிறது. இந்த அமைப்பை மேக்னெட் என்றும், சுருள்களை ஸ்டேட்டர் என்றும் அழைப்பர். பேட்டரிக்கு வேண்டியதோ நேர்த்திசை மின்னோட்டம். எனவே இடையில் ரெக்டிஃபயர், ரெகுலேட்டர் ஆகிய இரண்டும் ஒரே பெட்டிக்குள் அமர்ந்து, ஒன்று திசையைச் சீர்படுத்த, மற்றொன்று அளவுக்கு மிஞ்சியதை வெப்பமாக வெளியேற்றுகிறது. அந்த அலுமினியப் பெட்டியின் மேல் செதில் செதிலாக விளிம்புகள் இருப்பது இதற்காகத்தான். அதன்மேல் சேறு அப்பியிருந்தால் அது மூச்சுத்திணறும்.

எஞ்சின் நடுத்தர வேகத்தில் ஓடும்போது பேட்டரி முனைகளில் 13.5 முதல் 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் ரெகுலேட்டர் கட்டுப்பாட்டை இழந்துவிட்டது என்று பொருள். பல்புகள் அடுத்தடுத்து உயிர்விடுவதும், பேட்டரியின் பக்கங்கள் உப்புவதும் அதன் அடையாளங்கள். பால்காரரின் வண்டியில் எவ்வளவு முடுக்கினாலும் 12.6 வோல்ட்டுக்கு மேல் முள் நகரவில்லை. முகப்பு விளக்கைப் போட்டதும் மெல்ல இறங்கத் தொடங்கியது. எஞ்சின் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. மின்னழுத்தத்தைத் தாங்கிப்பிடிக்கும் பேட்டரி விலகியதும் அது திடீரென எகிறி, நல்ல நிலையிலுள்ள மின்னணுப் பெட்டிகளையும் எரித்துவிடும். மீட்டர் இருக்கையில் அந்தத் துணிச்சல் தேவையற்றது.

அடுத்து, ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று மஞ்சள் கம்பிகளின் கப்ளரைப் பிரித்து, எஞ்சின் பக்கத்தில் மாறுதிசை மின்னழுத்தம் அளக்கப்பட்டது. எத்தனை வோல்ட் என்பது வண்டிக்கு வண்டி மாறும். ஆனால் முதல் கம்பிக்கும் இரண்டாவதற்கும், இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும், மூன்றாவதற்கும் முதலாவதற்கும் இடையே அளவுகள் ஏறத்தாழ ஒன்றாக இருத்தல் வேண்டும். இருந்தன. ஆகவே ஸ்டேட்டரும் நன்று. மெக்கானிக்கின் பார்வை அப்போது கையிலிருந்த கப்ளரின்மீது சென்றது. வெள்ளையாக இருக்க வேண்டிய அந்தப் பிளாஸ்டிக், வறுத்த கடலையின் நிறத்தில் இருந்தது. மூன்று ஊசிகளில் ஒன்று கருகிப்போயிருந்தது. மற்றொன்று நீலம் பாரித்துத் தளர்ந்திருந்தது.

ஊசிமுனையில் ஓர் அடுப்பு

1827 ஆம் ஆண்டில் செருமானிய அறிஞர் கியார்க் சைமன் ஓம் தம் நூலில் வெளியிட்ட விதி, பள்ளி மாணவர் அனைவருக்கும் தெரிந்தது: மின்னழுத்தம் என்பது மின்னோட்டத்தையும் மின்தடையையும் பெருக்கிவருவது. தேர்வுக்காகப் படிக்கும்போது உப்புச்சப்பற்றதாகத் தோன்றும் இவ்விதி, கருகிய கப்ளரின் முன்னால் நிற்கும்போது பேசத் தொடங்கிவிடும்.

கப்ளரின் ஊசி சற்றே தளர்ந்து, அவ்விடத்தில் ஓர் ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை உண்டாகிறது என்று கொள்வோம். அதன் வழியே எட்டு ஆம்பியர் ஓடினால், அவ்விடத்தில் வெளிப்படும் வெப்பத்திறன் 6.4 வாட். சாதாரணப் பற்றவைப்புக்கோல் 25 வாட் கொண்டு ஈயத்தையே உருக்குகிறது. அதன் கால்பங்கு வெப்பம் ஓர் ஊசிமுனையில் ஓயாமல் குவிகிறது. சூட்டினால் உலோகம் கறுக்கிறது. கறுத்ததால் தடை கூடுகிறது. தடை கூடியதால் சூடும் கூடுகிறது. சூட்டில் ஊசியின் பிடிப்பு மேலும் தளர்கிறது. இச்சுழல் ஒருமுறை தொடங்கிவிட்டால் தானாக நிற்பதில்லை. முதல் ஊசி கருகிய நாளிலேயே பேட்டரிக்கு வரும் வரவு வெகுவாகக் குறைந்திருக்கும். புதிய பேட்டரி தன் கையிருப்பைக் கொண்டு நான்கு வாரம் சமாளித்தது. இரண்டாவது ஊசியும் தளர்ந்ததும் அதுவும் கைவிட்டுவிட்டது.

மெக்கானிக் அந்தக் கப்ளரை வெட்டி எறிந்தார். கம்பிகளின் முனைகளைப் பளபளக்கும் செம்பு தெரியும்வரை சீவி, ஒவ்வொன்றையும் ஈயம் வைத்துப் பற்றவைத்து, சூட்டில் சுருங்கும் உறையை மாட்டினார். மூன்று மஞ்சள் கம்பிகளில் எதனை எதனோடு இணைப்பது என்ற குழப்பத்திற்கு இடமில்லை, மூன்றும் சமமானவை, எப்படி மாற்றி இணைத்தாலும் பயன் ஒன்றே. வண்டியை முடுக்கியதும் மீட்டர் 14.1 காட்டியது. செலவானது, ஒரு சாண் உறையும் சிறிது ஈயமும்தான். கூலியைச் சேர்த்தாலும் பேட்டரி விலையில் சிறுபகுதிகூட ஆகவில்லை.

மின்தடையின் இத்தகைய திருவிளையாடல்கள் வண்டியின் மற்ற உறுப்புகளிலும் உண்டு. 35 வாட் முகப்பு விளக்கு எரியும்போது அதன் தடை ஏறத்தாழ 4.1 ஓம். பாதையில் எங்கேனும் களிம்பேறி ஓர் ஓம் தடை சேர்ந்தால் விளக்குக்கு எஞ்சுவது 9.6 வோல்ட். ஐந்தில் ஒரு பங்குதானே குறைந்தது என்று எண்ணலாகாது. இழைவிளக்கின் ஒளி மின்னழுத்தத்தைவிட மிக விரைவாகச் சரியும்; ஐந்தில் ஒரு பங்கு மின்னழுத்தம் குறைந்தால் ஒளி ஏறத்தாழப் பாதியாகிவிடும். இருட்டில் சாலையோரம் நடந்துசெல்பவர் கண்ணுக்குப் படுவதும் படாமற்போவதும் அந்தப் பாதி ஒளியைப் பொறுத்தது. 2017 ஏப்ரல் முதல் நாளிலிருந்து இந்தியாவில் விற்கப்படும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முகப்பு விளக்கு எரியவேண்டும் என்பது விதி. விளக்கு எரிகிறதா என்று பார்ப்பவர்கள், எவ்வளவு எரிகிறது என்றும் பார்ப்பது நன்று.

ஸ்டார்ட்டர் மோட்டாரில் கணக்கு இன்னும் கடுமையானது. அறுபது ஆம்பியர் ஓடும் பாதையில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை இருந்தாலே மூன்று வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். இவ்வளவு சிறிய தடையை மல்டிமீட்டரின் ஓம் அளவால் நம்பகமாகக் காணமுடியாது. கம்பியைக் கழற்றி இரு முனைகளையும் தொட்டுப் பார்த்தால் 'பீப்' என்று ஒலித்து, எல்லாம் நலம் என்று சாதிக்கும். பத்து இழைகளில் ஒன்று மட்டும் மிஞ்சியிருந்தாலும் அதே ஒலிதான். பாதையைச் சுமையுடன் சோதிப்பதே வழி. மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் நேர்முனையிலும், மற்றொன்றை மோட்டாரில் கம்பி இணையும் இடத்திலும் வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரை அழுத்தினால், வழியில் தொலையும் மின்னழுத்தம் நேரடியாகத் தெரியும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அப்பாதையில் ஐயமுண்டு. அவ்வாறே எதிர்முனைக்கும் எஞ்சின் உடலுக்கும் இடையே அளந்தால் எர்த்தின் நிலையும் தெரிந்துவிடும். எளிமையும் நுட்பமும் ஒருங்கே வாய்ந்த இச்சோதனையைப் பட்டறைகளில் காண்பது அரிதாகவே இருக்கிறது.

பேட்டரி முனையில் வெண்பூசணம் போலப் படிவதும் தடையே. ஆப்பசோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றினால் அது நுரைத்துக் கரையும். துடைத்து உலர்த்தியபின், திருகை இறுக்கி, மேலே சிறிது வாசலின் பூசிவிட்டால் போதும்.

வழி தவறிய மின்னோட்டம்

சில பழுதுகள் பேய் பிடித்ததுபோலத் தோன்றும். பிரேக்கை அழுத்தினால் பிரேக் விளக்கு எரியாமல் இண்டிகேட்டர்கள் மங்கலாக மினுங்கும். இண்டிகேட்டரைப் போட்டால் பின்விளக்கு அதனோடு தாளம் போடும். சுவிட்சை மாற்றியும் பல்பை மாற்றியும் பயன் கிட்டாமல் உரிமையாளர் சலித்துப்போவார். பின்புற விளக்குகள் அனைத்துக்கும் திரும்பும் வழி ஒன்றே. அந்தப் பொதுவான எர்த் கம்பி அறுந்துவிட்டால், பிரேக் விளக்கின் இழையைக் கடந்த மின்னோட்டம் வெளியேற வழியின்றி, இண்டிகேட்டரின் இழை வழியே பின்னோக்கிப் புகுந்து, முன்புறத்து இண்டிகேட்டரை அடைந்து, அதன் எர்த் வழியாகத் திரும்புகிறது. வாய்க்கால் அடைபட்டால் வெள்ளம் வரப்பை உடைத்து அடுத்த வயலில் புகுவதைப் போன்றது இது. பேட்டரியின் எதிர்முனையிலிருந்து ஒரு நீண்ட கம்பியை இழுத்துவந்து விளக்கின் எர்த்தில் தொட்டால், பேய் அக்கணமே மறைந்துவிடும்.

பொறியைத் தேடி

எஞ்சின் சுழன்றும் இயங்காதபோது தீப்பொறியைத் தேட வேண்டும். அதற்கு முன், வலது கைப்பிடியிலுள்ள சிவப்புநிறக் கில் சுவிட்சைப் பார்ப்பது நலம். அதனை யாரோ அணைத்துவைத்திருக்க, பிளக்கைக் கழற்றி, கார்புரேட்டரையும் பிரித்துப்போட்ட கதைகள் எல்லாப் பட்டறைகளிலும் உண்டு.

1955 ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கப்பட்ட என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தின் பழைய புல்லட் வண்டிகளில், முகப்பு விளக்கின் மேல் ஒரு சிறிய அம்மீட்டர் இருந்தது. முள் ஒருபுறம் சாய்ந்தால் பேட்டரிக்கு வரவு. மறுபுறம் சாய்ந்தால் செலவு. பால்காரரிடம் அந்த முள் ஒன்று இருந்திருந்தால் ஒரு பேட்டரியின் விலை மிஞ்சியிருக்கும். புல்லட் ஓட்டியவர்கள் அதனை வேறொன்றுக்கும் பயன்படுத்தினர். சாவியைத் திருப்பிக் கிக்கரை மெல்ல அழுத்தும்போது, பாயிண்ட் எனப்படும் தொடுமுனைகள் மூடியிருந்தால் முள் செலவுப்பக்கம் சாயும்; திறந்ததும் நடுவுக்கு வரும். அவ்விடத்தில் நிறுத்தி, கிக்கரை மேலே கொண்டுவந்து முழுமூச்சாக உதைத்தால் வண்டி எழும்; இல்லாவிட்டால் கிக்கர் திருப்பி உதைக்கும். முள் அசையவே இல்லையென்றால் பாயிண்டில் அழுக்கு என்று உதைக்கும் முன்பே தெரிந்துவிடும்.

பின்னர் வந்த வண்டிகளில் பாயிண்டின் இடத்தைச் சிடிஐ என்னும் மின்னணுப் பெட்டி பிடித்தது. அதனுள் ஒரு மின்தேக்கி சில நூறு வோல்ட் வரை நிரம்பி, உரிய நொடியில் காயிலுக்குள் கொட்டுகிறது. காயில் அதனைப் பல்லாயிரம் வோல்ட்டாக உயர்த்தி பிளக்கின் இடைவெளியைத் தாண்டச் செய்கிறது. பிளக்கைக் கழற்றிப் பொறியைப் பார்ப்பதாயின் அதன் உலோகப்பகுதி எஞ்சினை உறுதியாகத் தொட்டிருக்க வேண்டும், கையால் பிடிக்கலாகாது, அருகில் பெட்ரோல் ஆவி இருத்தலாகாது. நீலவெண்மையாய்ச் சடசடக்கும் பொறி நல்லது. மஞ்சளாய் மெலிந்த பொறி ஐயத்திற்குரியது. மழைநாளில் மட்டும் வண்டி நின்றுபோனால் பிளக்கின் தொப்பியிலோ அதன் கம்பியிலோ நுண்ணிய வெடிப்பு இருக்கும். இருட்டில் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தால் அவ்விடத்தில் நீலச்சுடர் ஊர்வது கண்ணுக்கே தெரியும்.

2020 ஏப்ரலில் பாரத் நிலை ஆறு மாசுக் கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தபின், புதிய மோட்டார் சைக்கிள்களில் எரிபொருளையும் மின்னணுக் கருவியே செலுத்துகிறது. சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் தொட்டிக்குள்ளிருந்து இரண்டொரு நொடி 'ஊங்' என்னும் ஓசை வரவேண்டும். அது பம்பின் குரல். அக்குரல் கேட்கவில்லையெனில் பிளக்கைக் கழற்றுவது வீண்வேலை. மீட்டரிலுள்ள மஞ்சள் எச்சரிக்கை விளக்கு, சில வண்டிகளில் நெடிதும் குறிதுமாகக் கண்சிமிட்டிப் பழுதின் எண்ணையே சொல்லிவிடும். ஆனால் அந்த எண், உணரியின் சுற்றில் பழுது என்று மட்டுமே சொல்கிறது. உணரி கெட்டதா, அதற்குப் போகும் கம்பியை எலி கடித்ததா என்பதை மனிதர்தான் பார்க்க வேண்டும். கம்பியைப் பாராமல் விலையுயர்ந்த உணரியை மாற்றுவது, பால்காரரின் பேட்டரிக் கதையின் மறுபதிப்பாகவே முடியும். இவ்வண்டிகளில் பேட்டரி முற்றிலும் வற்றினால் தள்ளினாலும் உதைத்தாலும் பயன் பெரும்பாலும் இல்லை; பம்பும் கணிப்பொறியும் விழித்தால்தானே எஞ்சின் விழிக்கும்?

மிட்டாய்த்தாள்

பால்காரரின் வண்டி வெளியேறிய அதே முற்பகலில் கல்லூரி மாணவர் ஒருவரின் வண்டி உள்ளே வந்தது. ஃபியூஸ் ஓயாமல் உருகுகிறதாம். ஃபியூஸ் பெட்டியைத் திறந்த மெக்கானிக்கின் முகம் மாறியது. பத்து ஆம்பியர் ஃபியூஸின் இடத்தில், மிட்டாய் சுற்றிவந்த வெள்ளித்தாளை மடித்துச் செருகியிருந்தார்கள்.

ஃபியூஸ் என்பது வேண்டுமென்றே பலவீனமாகச் செய்யப்பட்ட ஓர் உறுப்பு. மற்றவை எரியாமலிருக்கத் தான் எரிவதே அதன் பணி. சிவப்பு நிறத்தட்டையான ஃபியூஸ் பத்து ஆம்பியருக்கும், நீலம் பதினைந்துக்கும், மஞ்சள் இருபதுக்கும் உரியவை. பத்துக்குப் பதில் இருபதைப் பொருத்தினால் ஃபியூஸ் பிழைக்கும்; கம்பி சாகும். வெள்ளித்தாளுக்கோ எல்லையே இல்லை. குறுக்குச்சுற்று நேர்ந்தால் சிறிய பேட்டரியும் பல பத்து ஆம்பியர்களைக் கொட்டும். கம்பியின் உறை உருகித் தீப்பற்றும். மோட்டார் சைக்கிளில் கம்பிக்கற்றை செல்வது பெட்ரோல் தொட்டிக்கு நேர் கீழே.

மெக்கானிக் வெள்ளித்தாளை எடுத்துவிட்டு, அவ்விடத்தில் இரு கம்பிகள் பற்றவைத்த 21 வாட் பல்பு ஒன்றை இணைத்தார். குறுக்குச்சுற்று இருக்கும்போது பல்பு முழுவொளியுடன் எரியும்; பல்பின் தடையே மின்னோட்டத்தை இரண்டு ஆம்பியருக்குள் அடக்கிவிடுவதால் எதுவும் எரிந்துபோகாது. குறுக்குச்சுற்று நீங்கினால் ஒளி மங்கும், அல்லது அணையும். ஃபியூஸ்களைப் பலிகொடுக்காமல் பழுதைத் தேடும் முறை இது. ஆனால் சாவியைத் திருப்பியபோது பல்பு எரியவில்லை. ஹாரன், பிரேக், இண்டிகேட்டர் ஒவ்வொன்றாக இயக்கினார். முழுவொளி வரவில்லை.

"எப்ப உருகுது தம்பி? நேராப் போறப்பவா, திருப்புறப்பவா?"

மாணவர் சிறிது நேரம் எண்ணிப் பார்த்தார். "எங்க தெருவுக்குள்ள திரும்புறப்பத்தாண்ணே நெறைய தடவை."

மெக்கானிக் கைப்பிடியை மெல்ல வலப்புறம் திருப்பினார்; மாற்றமில்லை. இடப்புறம் திருப்பினார். கோடிவரை சென்றதும் பல்பு பளிச்சென்று எரிந்தது. சற்றே விடுவித்ததும் அணைந்தது. கைப்பிடி சுழலும் கழுத்துப்பகுதியில் கற்றையின் கறுப்பு நாடாவைக் கத்தியால் பிளந்தபோது, சட்டத்தின் விளிம்பில் ஆண்டுக்கணக்காக உராய்ந்து உறை இழந்த பழுப்புநிறக் கம்பி ஒன்று வெளிப்பட்டது. நெல்மணி அளவுக்குச் செம்பு தெரிந்தது. அவ்விடத்தை உறையிட்டு, கற்றையைச் சற்றுத் தளர்த்தி, விளிம்பில் படாதவாறு வேறு வழியில் கட்டினார். கைப்பிடியை இருபுறமும் பத்துமுறை திருப்பிப் பார்த்தபோதும் பல்பு எரியவில்லை. பல்பைக் கழற்றிவிட்டு, சிவப்பு ஃபியூஸ் ஒன்றைச் செருகினார். அதே நிறத்தில் இன்னொன்றை இருக்கைக்கு அடியிலுள்ள பெட்டியில் போட்டு மூடினார்.